கடைசி விசில் வரை கலையாத கூட்டம்

டமடமவென்று கரைமேல் தமுக்கு முழங்கியபோது ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது.

சின்னமனூர் கட்சி இரண்டு கோல். பெரியகுளம் கட்சியும் இரண்டு கோல். சின்னமனூருக்கு இடது ஓரத்தில் ஆடும் கருத்தக்கண்ணன் பந்தை உருட்டிக்கொண்டு எதிரியின் கோலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தான். காய்ந்து கிடந்த ஊர்க் கண்மாயின் தரைதான் மைதானம். கரைச் சரிவில் உட்கார்ந்து எழுநூறு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தலைமடைக்குத் தண்ணி வந்திருச்சு! வயக்காரவுக எல்லாம் மம்பட்டியோட வாய்க்காலுக்கு வாங்க!"

கத்தல் சட்டென்று நின்றது. தமுக்குக்காரர் இரண்டாம் முறை சொல்வதற்குள் கரையில் பாதிப் பேர் இல்லை. மூன்றாம் முறை சொன்னபோது சின்னமனூரின் கோல் கம்பங்களுக்கு நடுவிலும் ஆள் இல்லை. கோல் காத்த சின்னச்சாமிக்கு வாய்க்கால் ஓரத்தில் முக்கால் ஏக்கர் வயல் உண்டு. அவன் கரையேறி ஓடிக்கொண்டிருந்தான். பெரியகுளத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கருத்தக்கண்ணனிடமிருந்து பந்தைப் பறித்து, அவசரமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து, காலியாகக் கிடந்த கோலுக்குள் தள்ளிவிட்டார்கள்.

நடுவர் விசில் ஊதினார். கைதட்ட யாரும் இல்லை.

கரைமேல் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் சின்னமனூர் கால்பந்துக் கழகத்தின் செகரட்டரி அய்யாத்துரை. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மற்றவர் தேனியிலிருந்து வந்திருந்த வைகுண்டராஜ். சோடா ஃபாக்டரி முதலாளி, ஏலக்காய் வியாபாரி. இந்தக் கூட்டத்தைக் காட்டத்தான் அய்யாத்துரை அவரைப் பஸ் பிடித்து வரவழைத்திருந்தார்.

"அய்யாத்துரை, சித்த முந்தி எழுநூறு தலை எண்ணுனேன்" என்றார் வைகுண்டராஜ், குடையை மடக்கியபடி. "இப்ப எண்ணுனா நீயும் நானும்தான். அதுல நான் வெளியூர்க்காரன்."

"அண்ணாச்சி, இன்னிக்குத் தண்ணி திறப்பாகண்டு எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்பிடித் தெரியும்? உனக்கு வயலா இருக்கு, வரப்பா இருக்கு? துணி முழம் போடத்தான் தெரியும்."

அது உண்மைதான். அய்யாத்துரைக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஊரில் எல்லோரும் மேகத்தையும் வாய்க்காலையும் பார்த்துத் தேதி குறித்தால், அவர் காலண்டரைப் பார்த்துத் தேதி குறிப்பார். இப்படித்தான் மாட்டிக்கொள்வார்.

இதெல்லாம் நடந்தது 1938-ஆம் வருஷம், வைகாசிக் கடைசியில்.

வைகுண்டராஜிடம் ஒரு கொட்டகை இருந்தது. மேகமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிரித்துப் போட்ட தேயிலைக் கொட்டகை அது. இரும்புத் தூண்களும் துத்தநாகத் தகடுகளுமாக அதை மலிவாக வாங்கி, தேனியில் தம்முடைய ஃபாக்டரி முற்றத்தில் குவித்து வைத்திருந்தார். அதை நிமிர்த்திப் படிப்படியாகப் பலகை அடித்தால் ஆயிரம் பேர் நிழலில் உட்காரலாம். சென்னையில் அப்படி ஒரு கேலரியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ஜனங்கள் உட்கார்ந்தால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் சோடா விற்கும்.

கொட்டகை ஒன்றுதான். கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்.

போடியிலிருந்து ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயக்காரர் அம்மாவாசி வந்தார். "மொதலாளி, எங்க பந்தயத்துக்கு ரோட்டோரத்துல ரெண்டு மைல் நீளத்துக்குக் கூட்டம் நிக்கும்" என்றார்.

"ரெண்டு மைல் நீளத்துக்கு நான் தகரத்துக்கு எங்க போக?" என்று அவரை அனுப்பிவிட்டார் வைகுண்டராஜ்.

கூடலூரிலிருந்து சடுகுடுக் கட்சித் தலைவர் ஒச்சாண்டி வந்தார். ஒச்சாண்டியை அவ்வளவு லேசாக அனுப்ப முடியவில்லை. அவருடைய ஆட்டம் ஒரே இடத்தில் நடக்கும். குமுளியிலிருந்து மலையாளத்து ஆட்கள்கூட லாரியில் தொற்றிக்கொண்டு வந்து பார்ப்பார்கள்.

"ஆனா இருபது நிமிசத்துல ஆட்டம் முடிஞ்சு போகுதேப்பா" என்று இழுத்தார் வைகுண்டராஜ். "சோடாவை உடைக்கிறதுக்குள்ள சனம் எந்திரிச்சிருது."

"அப்ப ரெண்டு ஆட்டமா வச்சுக்கிருவோம் மொதலாளி. எங்களுக்குப் பந்து வேணாம், பூட்சு வேணாம், வெளியூரு சட்டம் வேணாம். மூச்சு இருந்தாப் போதும். சின்னமனூருக்காரவுக ஆட்டம் அப்பிடியா? கண்மாய் நெறஞ்சா அங்கன தவளைதான் ஆடணும்."

தவளைப் பேச்சு மூன்றாவது ஆளான அய்யாத்துரையின் காதுக்கு வந்து சேர்ந்தது. கோபிக்க அவரால் முடியவில்லை. கண்மாயில் தண்ணீர் வற்றியிருக்கும் மூன்று நான்கு மாதம்தான் சின்னமனூர் கட்சிக்கு மைதானம். மற்ற மாதங்களில் பூட்ஸ்கள் அவருடைய ஜவுளிக்கடைப் பரணில் தூங்கும். மதுரைப் போட்டிகளில் மூன்று வருஷமாக முதல் சுற்றிலேயே தோல்வி.

அது போதாதென்று இப்போது ஒரு புதுச் சங்கடம். மதுரையில் ஒரு மில்லைச் சேர்ந்தவர்கள் தங்கள் கட்சிக்கு ஆடக் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையும் தருவார்களாம். கண்ணன் வந்து கடையில் நின்றான்.

"அண்ணாச்சி, எனக்கு ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை. ஆனா வருசத்துல எட்டு மாசம் நான் யார் கூட ஆடுறது? ஆவணி வரைக்கும் பாக்குறேன். நமக்கு ஒரு நல்ல தரை கெடைச்சா இருக்கேன். இல்லாட்டி போறேன்."

கண்ணன் போனால் கழகம் போயிற்று. அய்யாத்துரைக்கு அது நன்றாகத் தெரியும். மறுநாளே தேனிக்குப் பஸ் ஏறினார். வைகுண்டராஜுக்குச் சின்னமனூருக்குக் கிழக்கே நான்கு ஏக்கர் முள்ளுக்காடு இருந்தது. மேற்கே ராஜவாய்க்கால், கிழக்கே ஊராரின் புஞ்சைகள், நடுவில் இந்த நிலம். பருத்தி சேர்த்து வைக்கக் கிட்டங்கி கட்ட வாங்கி, கட்டாமல் போட்டிருந்தார்.

"அந்த இடத்தைக் குடுங்க அண்ணாச்சி. மேடு பள்ளத்தை நாங்களே நிரவிக்கிறோம்."

வைகுண்டராஜ் ஒரு விரலை நீட்டினார்.

"இடத்தைத் தாரேன். கொட்டகைக்கு மட்டும் ஒரு நிபந்தனை. கூட்டம் வர்றது பெரிசில்லை அய்யாத்துரை, இருக்கணும். ஆவணியில ஒரு ஆட்டம் வையி. வாய்க்கால்ல தண்ணி ஓடுற காலம். அன்னிக்குக் கடைசி விசில் ஊதுற வரைக்கும் சனம் எந்திரிக்காம இருந்தா கொட்டகை உனக்கு. பாதியில ஓடுனாக்க கூடலூரு ஒச்சாண்டிக்கு."

அய்யாத்துரை தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வந்தபிறகுதான் கணக்குப் பார்த்தார். நான்கு ஏக்கர் முள்ளை வெட்டி, மேட்டைக் கரைத்து, பள்ளத்தை நிரப்ப ஆள் எங்கே? பதினொரு ஆட்டக்காரர்களில் ஆறு பேர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மொக்கம்மாள் கடைப்படி ஏறினாள். நாற்பத்தைந்து வயது, உரத்த குரல். கிழக்குப் புஞ்சையில் இரண்டு ஏக்கரில் பருத்தி போட்டிருந்தாள். சேலை எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அய்யாத்துரை பாயை விரித்தார்.

"சேலை கெடக்கட்டும் அண்ணாச்சி. மொதலாளியோட முள்ளுக்காட்டுல பந்தாட்டத்துக்கு எடம் நெரவப் போறீகளாமே?"

"ஆமாக்கா. ஆள்தான் கெடைக்கலை."

"ஆளை நாங்க தாரோம். வீட்டுக்கு ஒரு ஆளு. வாய்க்கா தூர்வார வருவோம்ல, அது மாதிரி. கூலி வேணாம்."

அய்யாத்துரைக்கு நம்ப முடியவில்லை. "எதுக்குக்கா?"

"எதுக்கா? நம்ம ஊரு கெலிக்க வேணாமா? போன தடவை பெரியகுளத்தான் காலிக் கோலுக்குள்ள பந்தைத் தள்ளிட்டுப் போனானே, அதை நெனச்சா எனக்கு இன்னும் சோறு எறங்கலை."

"நம்ம கோல் கீப்பர் சின்னச்சாமி ஓடிப் போனதாலதான் தள்ளுனான்."

"அவனை விடுங்க. அவன் கெடக்கான். வேலியை எப்பிடிப் போடப் போறீக? சும்மா கெடந்தா ஆடு மாடு மேயும், டிக்கட்டு வாங்காத பயலுக நொழைவான். முள்ளுவேலி ஆறு மாசத்துல இத்துப் போகும். சுத்தி ஒரு அகழி வெட்டிருவோம். மூணு அடி அகலம். மழை பேஞ்சா மைதானத்துத் தண்ணியும் அதுல வடிஞ்சிரும்."

எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று அய்யாத்துரை வியந்துபோனார்.

ஆடி முதல் திங்கட்கிழமை வேலை தொடங்கியது. அய்யாத்துரை ஐம்பது பேரை எதிர்பார்த்திருந்தார். நானூறு பேர் வந்தார்கள். சின்னமனூரில் நஞ்சை இல்லாத வீடுகள் உண்டு. ஆனால் கிழக்கே துண்டுப் புஞ்சையாவது இல்லாத விவசாய வீடு அபூர்வம். அந்த வீடுகள் அத்தனையிலிருந்தும் ஆள் வந்திருந்தது. நான்கு நாளில் முள் இல்லை, மேடு இல்லை. பிறகு அகழி வெட்டத் தொடங்கினார்கள்.

அகழி வேலையைப் பார்த்தபோது அய்யாத்துரையின் கண் கலங்கிவிட்டது. கயிறு பிடித்து நேர் பார்த்தார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து வாட்டம் பார்த்தார்கள். ஓரங்களைக் களிமண் வைத்து மெழுகினார்கள். மைதானத்தின் வடக்கிலும் கிழக்கிலும் அகழி வளைந்தது. கிழக்கு மூலையில் ஒரு வால் நீண்டு புஞ்சைகள் வரைக்கும் போயிற்று.

"அது எதுக்குக்கா அம்புட்டு தூரம்?" என்று மொக்கம்மாளைக் கேட்டார்.

"வடியுற தண்ணி எங்கயாச்சும் போகணும்ல அண்ணாச்சி? அகழியிலயே தேங்குனா கொசு வரும். சனம் ஆட்டம் பாக்குமா, கொசு அடிக்குமா?"

"அதுஞ்சரிதான்."

மேற்கே ராஜவாய்க்கால் கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது அகழியை நிறுத்திவிட்டார்கள். அங்கே தெற்குப் பக்கமாகத் திருப்பி வெட்டவும் இல்லை. தெற்குப் பக்கம் வேலி போதும் என்றார்கள். விளையாட்டின் மேல் ஊர் வைத்திருந்த பிரியத்தில் அய்யாத்துரை மிதந்துகொண்டிருந்தார். தெற்கைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடங்கல் வந்தது. கால்வாய் ஓவர்சியர் ஏசுதாசன் ஒரு சாயங்காலம் வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார். திருநெல்வேலிக்காரர், கண்டிப்பானவர். வாய்க்கால் பாசனத்துக்கு உரிமையுள்ள ஆயக்கட்டில் சேராத புஞ்சைக்கு ஒரு செம்புத் தண்ணீர் போனாலும் விடமாட்டார். தினமும் மாலை நான்கு மணிக்குக் கிளம்பி இருட்டும் வரை கரையில் சைக்கிள் மிதிப்பார். கரையை வெட்டிப் பிடிபட்டவர்கள் உத்தமபாளையம் கோர்ட் வாசலில் நின்று திரும்பியதுண்டு.

"இது யார் வெட்டின வாய்க்கால்?"

"வாய்க்கால் இல்லை சார், அகழி" என்று அய்யாத்துரை ஓடி வந்தார். மைதானத்தின் நீள அகலம், கேலரி வரப்போகும் இடம், டிக்கட் இல்லாதவர்கள், மழைத் தண்ணீர், கொசு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பது பார்க்கிறவர் யாருக்கும் தெரியும்.

ஓவர்சியரின் முகம் மாறியது. "ஃபுட்பாலா? நான் காலேஜில் சென்டர் ஹாஃப் ஆடினவன். ஆட்டம் எந்த நாள்?"

"ஆவணி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்கு. மதுரை மில் கட்சியோட. அவசியம் வரணும் சார்."

"டூட்டி இருக்கே..." என்று வாய்க்காலைப் பார்த்தார் ஓவர்சியர்.

பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற மொக்கம்மாள் முன்னால் வந்தாள். "ஐயா வராம எப்பிடி? ஐயாவுக்கு முன்னால நாற்காலி போடுவோம். மேக்கால கரையோரமாப் போட்டா வெயிலு முதுகுப் பக்கம் இருக்கும். கண்ணு கூசாது. மைதானம் முழுக்கத் தெரியும். வாய்க்கா இங்கனதானய்யா கெடக்கு, எங்க போயிரப் போகுது?"

ஓவர்சியர் சிரித்துவிட்டார்.

ஆவணி பிறந்தது. மலையில் மழை பெய்து வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. பள்ளத்தாக்கில் மட்டும் ஒரு துளி இல்லை. கிழக்குப் புஞ்சைகளில் பருத்தி தலை தொங்கிற்று. இந்தச் சமயத்தில் ஆட்டம் பார்க்க யாருக்கு மனசு வரும் என்று அய்யாத்துரைக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே அந்தப் பயம் போய்விட்டது.

ஆயிரத்துக்கு மேல் கூட்டம். பெண்கள்தான் பாதி. நிழல் பார்த்து உட்காரும் வழக்கம் அன்று இல்லை. வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் அகழிக் கரை ஓரமாகத் தோளோடு தோள் ஒட்டிச் சுவர் மாதிரி நின்றார்கள். "முன்னால வந்து உக்காருங்க" என்று அய்யாத்துரை கெஞ்சிப் பார்த்தார். "நின்னு பாத்தாத்தான் அண்ணாச்சி வெறி வரும்" என்று பதில் வந்தது.

மேற்கே கரையோரம் மூன்று நாற்காலிகள். நடுவில் ஓவர்சியர் ஏசுதாசன், வலப்பக்கம் வைகுண்டராஜ், இடப்பக்கம் கூடலூர் ஒச்சாண்டி. கூட்டம் ஓடுவதை நேரில் பார்க்க வேண்டுமென்று ஒச்சாண்டி தம் செலவில் பஸ் ஏறி வந்திருந்தார். கால்வாய்க் காவலாளான லஸ்கர் ஒருவர் ஓவர்சியரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஐந்தே நிமிஷத்தில் மொக்கம்மாள் அவரையும் முன்னால் இழுத்து உட்கார வைத்து, கையில் ஒரு சோடாவைக் கொடுத்துவிட்டாள்.

விசில் ஊதியது.

கண்ணனைக் கூப்பிட்டிருந்த மில் கட்சி லேசான கட்சி இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். கூட்டம் சோர்ந்துவிடுமென்று அய்யாத்துரை நகத்தைக் கடித்தார். கூட்டம் முன்னைவிட அதிகமாகக் கத்திற்று. பந்து யார் காலில் இருந்தாலும் கத்திற்று. பந்து வெளியே போனாலும் கத்திற்று. நடுநடுவே சில ஆண்கள் மண்வெட்டியோடு கிழக்கே நழுவுவதும், முழங்கால் வரை சேற்றோடு வேறு சிலர் வந்து அந்த இடத்தில் நிற்பதுமாக இருந்தார்கள். வயல் வேலையையும் விட முடியாமல், ஆட்டத்தையும் விட முடியாமல் முறை வைத்து வந்து பார்க்கிறார்கள் என்று அய்யாத்துரை புரிந்துகொண்டார்.

"பாத்தீகளா அண்ணாச்சி, காலைக்கூடக் கழுவாம வாராக!" என்று வைகுண்டராஜின் காதில் சொன்னார்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் வைகுண்டராஜ். அவர் அப்போது காலி சோடாப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பின் ஊர்ப் பக்கமிருந்து தமுக்குச் சத்தம் வந்தது. தெற்குமடை வயல்களுக்குத் தண்ணீர் முறை மாறுகிறதாம். அய்யாத்துரை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ஒச்சாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவினார்.

"இந்தா, கிளம்புது பாருங்க மொதலாளி."

ஒருவரும் கிளம்பவில்லை. கோலில் நின்ற சின்னச்சாமிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தமுக்கு மூன்று முறை முழங்கி ஓய்ந்தது. சுவர் அப்படியே நின்றது.

"என்ன மொதலாளி இது?" என்றார் ஒச்சாண்டி. அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க சடுகுடுக்குக்கூட இப்பிடி நிக்க மாட்டாகளே!"

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கருத்தக்கண்ணன் இடது ஓரத்திலிருந்து ஒரு கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று. அந்த நிலையில் நடுவர் கடைசி விசிலுக்குக் கையைத் தூக்கினார். ஊதியும் விட்டார்.

கூட்டம் கலைய வேண்டிய நேரம் அதுதான். கலையவில்லை. "ஒத்துக்க மாட்டோம்! இன்னும் ஆடு! கெலிக்கிற வரைக்கும் ஆடு!" என்று மொக்கம்மாள் ஆரம்பித்தாள். ஆயிரம் குரல் சேர்ந்துகொண்டது. ஓவர்சியர் ஏசுதாசனுக்குக் காலேஜ் நாட்கள் திரும்பிவிட்டன. நாற்காலி நுனிக்கு வந்து கையை வீசினார்.

"எக்ஸ்ட்ரா டைம் கொடுங்கள்! இருபது நிமிஷம்! நான் கடிகாரம் பார்க்கிறேன்!"

வைகுண்டராஜ் அய்யாத்துரையின் கையைப் பிடித்து இழுத்தார். "அய்யாத்துரை, நான் கேட்டது கடைசி விசில் வரைக்கும். இவுக கடைசி விசிலுக்கு அப்பறமும் போக மாட்டேங்கிறாக. கொட்டகை உனக்குத்தான். நாளைக்கே தூணை வண்டியில ஏத்துறேன். தை மாசத்துக்குள்ள கேலரி நிமிந்திரும்."

ஒச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போய்ட்டு வாரேன் செகரட்டரி. கெலிச்சிட்டீக. ஆனா ஒண்ணு, எங்க ஊருல ஆட்டம் பாக்க வர்றவன் ஆட்டத்தைப் பாப்பான். உங்க ஊருக்காரவுக பாதிப் பேரு கெழக்கே பாத்துக்கிட்டு நிக்காக."

தோற்றவர் பேச்சு என்று அய்யாத்துரை அதைப் பொருட்படுத்தவில்லை. மைதான ஓரம் ஓடி, கண்ணனைக் கூப்பிட்டுக் கொட்டகைச் செய்தியைச் சொன்னார். கண்ணன் மில் கட்சியின் கேப்டனிடம் போய்க் கைகூப்பிவிட்டு வந்தான். அவ்வளவுதான், அவன் மதுரை போகவில்லை.

எக்ஸ்ட்ரா டைமில் பதினான்காவது நிமிஷம். சின்னச்சாமி உதைத்த பந்து பாதி மைதானத்தைத் தாண்டி விழுந்தது. கண்ணன் இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாமவனின் கால்களுக்கு நடுவில் தட்டி, வலது மூலையில் பந்தைச் செருகினான். இரண்டுக்கு ஒன்று! மில் கட்சி தலையில் கை வைத்துக்கொண்டது.

அய்யாத்துரை துள்ளிக் குதித்தார். வைகுண்டராஜ் எழுந்து கைதட்டினார். ஓவர்சியர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

கூட்டத்திலிருந்து சத்தமே இல்லை.

ஆயிரம் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண் "அடப்பாவி, அதுக்குள்ள போட்டுட்டானே" என்று முணுமுணுத்ததுகூட அய்யாத்துரைக்குக் கேட்டது. நடுவர் மீதி ஆறு நிமிஷத்தையும் ஆடவிட்டு விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். சேறு படிந்த ஒரு ஆள் கிழக்கேயிருந்து ஓடி வந்து மொக்கம்மாளிடம் ஏதோ சொன்னான். உடனே அவள் இரண்டு கையையும் தூக்கினாள்.

"செல்லாது! அந்தக் கோல் செல்லாது! திரும்ப ஆடு!"

"செல்லாது! செல்லாது!" என்று சொந்த ஊர்க் கோலுக்கு எதிராகச் சொந்த ஊரே கத்திற்று. கருத்தக்கண்ணன் மைதான நடுவில் வாயைத் திறந்தபடி நின்றான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஓவர்சியர், "இதில் என்ன தப்பு? சுத்தமான கோலாயிற்றே!" என்று பக்கத்திலிருந்த வைகுண்டராஜிடம் வாதாடத் தொடங்கினார்.

அய்யாத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மொக்கம்மாளிடம் போனார்.

"அக்கா, நம்ம கட்சி கெலிச்சிருச்சு! கொட்டகையும் வந்திருச்சு! இன்னும் எதுக்கு ஆடச் சொல்றீக?"

மொக்கம்மாள் அவரைத் தோளில் தொட்டுத் தன் பக்கம் இழுத்தாள். அவ்வளவு நேரம் கத்தியதில் குரல் கட்டியிருந்தது. அவர் காதோரம் குனிந்து சொன்னாள்:

"கெலிச்சதெல்லாம் சரிதான் அண்ணாச்சி, இன்னும் ஒரு கால் மணி நேரத்துக்கு அந்த ஓவர்சியர் ஐயாவை நாற்காலிய விட்டு எந்திரிக்க விட்டுறாதீக, அகழித் தண்ணி இப்பத்தான் எங்க பருத்திக்காட்டு வரப்பைத் தொட்டிருக்கு."